கேனானா, நிக்கானா, சோனியா: வேலூர்ப் பக்கம் கேமரா வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாசியில் குடியாத்தத்திலிருந்து ஒரு பையன் என் ஸ்டுடியோவுக்கு வந்தான். இரண்டு வருடம் ஒருவரிடம் லைட் பிடித்து வேலை கற்றவன். இனி தனியாக ஆர்டர் எடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறான். அம்மாவின் நகையை அடகு வைத்த பணம் கையில் இருக்கிறது. “ணா, கேனான் வாங்கட்டா, சோனி வாங்கட்டா? நிக்கான் அவ்ளோதான்னு சொல்றாங்களே, நெஜமாணா?” என்று கேட்டான்.

நான் பதினெட்டு வருடமாக நிக்கானில் கல்யாணம் எடுக்கிறவன். ஆனாலும் அவனிடம் நிக்கான் வாங்கு என்று சொல்லவில்லை. “உன்கூட மண்டபத்துக்கு வர்ற பசங்க என்ன வெச்சிருக்காங்க?” என்று திருப்பிக் கேட்டேன். கேமரா வாங்குவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பதுபோல் பார்த்தான். நான் பார்த்த தவறுகளில் பாதி, இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வந்தவை.

ஜெயிக்கிற கம்பெனியைத் தேடுவது

கம்பெனிகளின் போட்டி நாம் பிறப்பதற்கு முன்பே தொடங்கியது. 1950-இல் கொரியப் போரைப் படமெடுத்த அமெரிக்கர் டேவிட் டக்ளஸ் டங்கன், ஜப்பானில் நிக்கானின் நிக்கார் லென்ஸ்களின் கூர்மையைப் பார்த்து அசந்துபோய் அவற்றையே போர்முனைக்குக் கொண்டுபோனார். நிக்கான் பெயர் வெளிநாட்டில் பரவியது அப்போதுதான். 1959-இல் நிக்கான் எஃப் வந்தபின் நெடுங்காலம் பத்திரிகைக்காரர் கேமரா என்றாலே அது என்று இருந்தது. 1987-இல் கேனான் தன் பழைய எஃப்.டி மவுண்ட்டை (லென்ஸைக் கேமராவில் பூட்டும் வாய்) கைவிட்டு, முழுக்க மின்னணுவில் இயங்கும் ஈ.எஃப் மவுண்ட்டைக் கொண்டுவந்தது. பழைய லென்ஸ் வைத்திருந்தவர்களுக்குக் கோபம். ஆனால் லென்ஸுக்குள்ளேயே மோட்டார் வைத்த அந்த ஆட்டோஃபோகஸ் வேகம், விளையாட்டு மைதானங்களில் கேனானின் வெள்ளை லென்ஸ்களை வரிசையாக உட்காரவைத்தது. 2006-இல் கொனிகா மினோல்டாவின் கேமராத் தொழிலை எடுத்துக்கொண்ட சோனி, 2013-இல் ஏ7 என்ற முழு ஃபிரேம் (பழைய ஃபிலிம் அளவு சென்சார்) மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவை இறக்கியது. கேனானும் நிக்கானும் அந்தப் பாதைக்கு வந்தது 2018-இல்தான். அப்போது நிக்கானுக்குக் காரியம் செய்துவிட்டவர்கள் நிறையப் பேர். 2021-இல் மெக்கானிக்கல் ஷட்டரே இல்லாத இசட் 9-உடன் அதே நிக்கான் எழுந்து வந்தது. முன்னால் ஓடுகிறவர் காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே இருக்கிறார். நகைக்கடனோ அதற்குள் எத்தனை முறை வட்டி கேட்கும்!

பெரிய இடத்துத் தொழில்காரர்கள் எதைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்று கவனித்தால் நமக்கும் வழி தெரியும். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2020-இல் உலகம் முழுவதும் தன் ஆட்களுக்குச் சோனி கொடுக்க முடிவு செய்தது. படம் எடுப்பவரும் வீடியோ எடுப்பவரும் ஒரே கம்பெனிப் பொருளை வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம் என்பது அதில் முக்கியமான விஷயம். ஒலிம்பிக் நடக்கும் இடங்களில் கேனானும் நிக்கானும் சர்வீஸ் கூடம் போடுகின்றன. பழுதான பாடியை (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) அங்கேயே சரிபார்க்கிறார்கள், லென்ஸை இரவல் தருகிறார்கள். பக்கத்தில் யார் கைகொடுப்பார் என்பதுதான் அங்கேயும் கணக்கு.

வாலாஜாவில் ஒரு மண்டபம், விடியற்காலை நாலரை முதல் ஆறுக்குள் முகூர்த்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பேட்டரி செத்துவிட்டது. ஒலிம்பிக் கூடம் அங்கே இல்லை, கடை எதுவும் திறந்திருக்காது. வீடியோ எடுக்கும் தம்பியின் பையில் உங்கள் கேமராவுக்குப் பொருந்தும் பேட்டரி இருக்கிறதா என்பதில்தான் அந்தக் கல்யாணத்தின் தாலி கட்டும் படம் இருக்கிறது. கேண்டிட் ஒருவர், டிரடிஷனல் ஒருவர், வீடியோ ஒருவர் என மூவரும் மூன்று கம்பெனி வைத்துக்கொண்டு சுற்றும் குழுக்கள் நம் பக்கம் நிறைய. அவசரத்தில் ஒருவருக்கொருவர் உதவ முடியாமல் கையைப் பிசைந்து நிற்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

மவுண்ட் தெரியாமல் செகண்ட் ஹேண்டில் இறங்குவது

பாடி நாலைந்து வருடத்தில் கைமாறிவிடும். லென்ஸ் பதினைந்து வருடம் கூட இருக்கும். அதனால் நீங்கள் உண்மையில் வாங்குவது மவுண்ட்டைத்தான். இது புரியாமல் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்தவர்கள் என்னிடம் வந்து கண்கலங்கியிருக்கிறார்கள்.

அடிக்கடி நடப்பவை சில. நிக்கானின் பழைய 50 எம்.எம் 1.8 டி லென்ஸ் விலை குறைவு, படம் அருமை. ஆனால் அதற்குள் மோட்டார் கிடையாது; பாடியில் மோட்டார் இருந்தால்தான் ஆட்டோஃபோகஸ் ஆகும். டி3500, டி5600 போன்ற பாடிகளில் அந்த மோட்டார் இல்லை. புது மிரர்லெஸ் இசட் பாடிக்கு, பழைய லென்ஸை மாட்ட உதவும் எஃப்.டி.இசட் அடாப்டர் போட்டாலும் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். கேனானில் எம்50 வாங்கியவர்களின் கதை வேறு. அது ஈ.எஃப்-எம் மவுண்ட். அதன் லென்ஸ் எதுவும் கேனானின் புது மிரர்லெஸ் ஆர் வரிசைப் பாடிகளில் ஏறாது. 2023-இல் அந்த வரிசையே நின்றுபோனது. அதே கேனானின் பழைய ஈ.எஃப் லென்ஸ்களை அடாப்டர் போட்டு ஆர் பாடியில் மாட்டினால் ஆட்டோஃபோகஸ் நன்றாக வேலை செய்யும். ஊரில் ஈ.எஃப் லென்ஸ் குவிந்து கிடப்பதால், அண்ணன்மார்களிடம் இரவல் கேட்க முடிகிறவர்களுக்கு இது பெரிய வரம்.

வெளிக் கம்பெனி லென்ஸ் விஷயமும் இதோடு சேர்ந்ததே. சோனி 2011-லேயே தன் ஈ மவுண்ட் விவரங்களை மற்றவர்களுக்குத் திறந்துவிட்டது. டாம்ரான், சிக்மா லென்ஸ்கள் அதற்குக் குவிந்ததற்கு அது முக்கியக் காரணம். 2018-இல் வந்த டாம்ரான் 28-75, 2.8 லென்ஸ் எத்தனையோ பேரைச் சோனிப் பக்கம் இழுத்தது. கேனான் ஆர் வரிசையின் ஆர்.எஃப் மவுண்ட்டை இறுக்கமாக வைத்திருந்து, 2024-இல்தான் சிக்மா, டாம்ரான் இரண்டுக்கும் கிராப் சென்சார் (முழு ஃபிரேமைவிடச் சிறியது) லென்ஸ்கள் செய்ய வழிவிட்டது. பட்ஜெட் குறைவாக இருப்பவருக்கு, பாடியின் விலையைவிட இந்த விவரம் முக்கியம்.

செகண்ட் ஹேண்ட் பாடியில் ஷட்டர் கவுண்ட்டை (இதுவரை எத்தனை கிளிக் ஆகியிருக்கிறது என்ற கணக்கு) பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பல பாடிகளுக்குக் கம்பெனி சொல்லும் ஆயுள் ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் கிளிக். ஒரு கல்யாணத்துக்கு 3,000 கிளிக் என்றால் ஒன்றரை லட்சம் என்பது 50 கல்யாணம். தை, வைகாசி, ஆவணியில் ஓடி ஓடி எடுப்பவருக்கு அது ஒன்றரை வருடம்தான்.

எல்.ஈ.டி வெளிச்சத்தைப் பற்றி யோசிக்காமல் இருப்பது

இதை நான் அனுபவித்தே கற்றேன். மிரர்லெஸ் வந்த புதிதில், ஆற்காட்டில் ஒரு முகூர்த்தம். ஐயர் மந்திரம் சொல்லும்போது ‘டக் டக்’ சத்தம் வேண்டாம் என்று சைலண்ட் ஷட்டரில் போட்டேன். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் அழகாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் திறந்தால், பெண்ணின் முகத்துக்குக் குறுக்கே வரிவரியாக இருட்டுப் பட்டைகள். இருநூறுக்கும் மேற்பட்ட படங்கள். அந்தப் பெண்ணின் அம்மா ஆல்பம் பார்க்க வந்த நாள் இன்னும் மனதில் இருக்கிறது. அவர் திட்டவில்லை. ஒவ்வொரு பக்கமாகத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

காரணம் இதுதான். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதில் எரியும் மலிவான எல்.ஈ.டி விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கித் தெளியும். நம் கண்ணுக்கு அது தெரியாது. சைலண்ட் ஷட்டரில் சென்சார் படத்தை மேலிருந்து கீழே வரிவரியாக வாசிக்கிறது. வாசிக்கும் நேரத்துக்குள் விளக்கு மங்கினால் அந்த வரிகள் கறுக்கும். மெக்கானிக்கல் ஷட்டர் வைத்து, வேகத்தை 1/100 அல்லது 1/50 நொடியில் நிறுத்தினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். மேடையின் பெரிய எல்.ஈ.டி திரைகள் இன்னும் வேகமாகத் துடிப்பவை. அவற்றுக்குப் பாடியில் இருக்கும் ஃபிளிக்கர் (விளக்குத் துடிப்பு) அமைப்பைக் கற்றுக்கொள்ள வேண்டும். இசட் 9 போன்ற வேகமாக வாசிக்கும் சென்சார்களில் தொல்லை குறைவு. 2023-இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 மார்க் 3, முழு சென்சாரையும் ஒரே கணத்தில் வாசிக்கும் முதல் முழு ஃபிரேம் கேமரா. அதில் பட்டை விழாது. ஆனால் அதன் விலை நம் ஊர்க் கல்யாண ரேட்டுக்குக் கட்டுப்படியாகாது.

கே.வி.குப்பம், அணைக்கட்டுப் பக்கம் மாடு விடும் விழா எடுப்பவர்களுக்கும் இதே வரிவரி வாசிப்புதான் சிக்கல். தெருவில் காளை சீறி வரும்போது சைலண்ட் ஷட்டரில் எடுத்தால் படத்தில் கால்கள் வளைந்தும் கம்பங்கள் சாய்ந்தும் விழும். அங்கே மெக்கானிக்கல் ஷட்டரே சரி.

‘ஸ்கின் டோனுக்குக் கேனான்’ என்று கண்ணை மூடி நம்புவது

ஒவ்வொரு கம்பெனியும் ஜே.பெக் படத்துக்கு ஒரு நிறச்சாயல் கொடுப்பது உண்மை. ஆனால் ரா (RAW, கேமரா பதப்படுத்தாத மூலப்படம்) வடிவில் எடுத்து வைட் பேலன்ஸைச் சரியாக வைத்தால் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். மஞ்சள் பல்பும் ஊதா லைட்டும் கலந்த மண்டபத்தில் எந்தக் கம்பெனியாலும் தானாக நல்ல நிறம் தர முடியாது. ஆரணிப் பட்டின் அரக்குச் சிவப்பு இன்னொரு சோதனை. வெளிச்சம் கொஞ்சம் கூடினால் சிவப்பு மட்டும் வெடித்து, சரிகையும் நெசவும் ஒரே திட்டாகிவிடும். ஹிஸ்டோகிராமில் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) சிவப்பைத் தனியாகப் பாருங்கள். வெளிச்சத்தை மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப் (வெளிச்ச அளவின் படி) குறைத்து எடுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. எந்தக் கம்பெனியில் தோல் நிறம் அழகு என்று மணிக்கணக்கில் வாதிடுகிறோம். பிறகு எடிட்டிங்கில் மாநிறப் பெண்ணின் முகத்தை வெளுக்கடித்து, கழுத்து ஒரு நிறம் முகம் ஒரு நிறமாக ஆல்பம் அடிக்கிறோம். அந்தப் பெண் பத்து வருடம் கழித்து ஆல்பத்தைத் திறந்தால் அதில் இருப்பது அவள் இல்லை. வீட்டுக்காரர்கள் கேட்டாலும் நான் இதைச் செய்வதில்லை. பொறுமையாகச் சொன்னால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள்.

நம் ஊர் வெயில்

பெரும்பாலான கேமராக்களின் கையேட்டில் இயங்கும் வெப்பத்தின் மேல் எல்லை 40 டிகிரி என்றே போட்டிருக்கும். கத்திரியில் வேலூர் அதைத் தாண்டுவது வழக்கமான சங்கதி. வைகாசி முதல் நாள் குடியாத்தம் கங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் காலையிலிருந்து வீடியோ எடுப்பவர் இதை மறக்கக்கூடாது. 2020-இல் கேனான் ஆர்5 வந்தபோது 8கே வீடியோவுக்கு ஏறத்தாழ 20 நிமிடம் என்று கம்பெனியே சொன்னது. அதுவும் 23 டிகிரி வெப்பத்தில். அந்தக் குளிர் நமக்கு மார்கழி, தை இரவுகளில்தான் கிடைக்கும். எந்தக் கம்பெனியானாலும் ரிவ்யூவில் வரும் நிமிடக் கணக்கை வெயிலுக்கு அப்படியே நம்பாதீர்கள். இரண்டாவது பாடி வைத்திருங்கள், ஈரமில்லாத வெள்ளைத் துண்டால் நிழல் கொடுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு எடுக்கும் பாடியில் இரண்டு கார்டு இடம் கட்டாயம் வேண்டும். 2018-இல் வந்த முதல் நிக்கான் இசட் 6-லும் கேனான் ஈ.ஓ.எஸ் ஆரிலும் ஒன்றுதான் இருந்தது, செகண்ட் ஹேண்டில் அவை இப்போதும் சுற்றுகின்றன. பில் இல்லாமல், கம்பெனியின் அதிகாரபூர்வ வழியில் வராத கிரே மார்க்கெட் பொருளுக்கு இங்கே வாரண்டி கேட்க முடியாது. சர்வீஸுக்கு நான் சென்னைக்குத்தான் போகிறேன். ஏறத்தாழ 140 கிலோமீட்டர், ஒரு நாள் கூலி போய்விடும். அதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி மாறியே ஆக வேண்டும் என்றால் ஆடியில் மாறுங்கள். கேனான் லென்ஸை மாட்டும் திசைக்கு நேர் எதிர் திசையில் நிக்கான் லென்ஸை மாட்ட வேண்டும். ஃபோகஸ் வளையமும் அப்படியே எதிர்ப்பக்கம் சுற்றும். விரல்கள் பழையதை மறக்க ஒரு மாதமாவது ஆகும். ஆவணி முகூர்த்தத்தின் முந்தின நாள் புதுப் பாடியோடு போனால், கெட்டிமேளம் முழங்கும் நேரத்தில் விரல் பழைய பட்டனைத் தேடும்.

குடியாத்தத்துப் பையன் விசாரித்துவிட்டு மறுவாரம் வந்தான். அவனோடு வேலை செய்யும் மூன்று பேரும் சோனி. ஒருவரிடம் 85 எம்.எம் இருக்கிறது, இன்னொருவரிடம் 70-200. அவன் பழைய ஏ7 மார்க் 3 ஒன்றை ஷட்டர் கவுண்ட் பார்த்து எடுத்தான். டாம்ரான் 28-75 ஒன்று. மீதிப் பணத்தில் வளையலை மீட்டுவிட்டான். என் அலமாரியில் நல்ல நிக்கான் லென்ஸ்கள் நாலு சும்மா இருக்கின்றன. அவனுக்கு ஒன்றைக்கூடக் கொடுக்க முடியவில்லையே என்று எனக்குத்தான் வருத்தம். ஃபிளாஷ் ஸ்டாண்டும் குடையும் கொடுத்து அனுப்பினேன்.