பிளவுபட்ட தீவுக்கு ஓர் உடன்பாடு: செட்டிநாட்டு வீட்டில் இரண்டு நாள் மாதிரிப் பேச்சு

இலங்கை இனப்பிரச்சினைக்கு என்ன தீர்வு என்று காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் யாரைக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருப்பார்கள். கொழும்புச் செட்டியார் தெருவில் கடை, மலைநாட்டில் தோட்டம் என்று போய் வந்தவர்களின் ஊர்கள் இவை. அந்தப் பதிலைக் கொழும்பு நாடாளுமன்றத்தில் எப்படி நிறைவேற்றுவது என்று கேட்டால்தான் பேச்சு நின்றுபோகும். அந்த இடத்தைப் பழகிப் பார்க்க உதவுவது, ஒவ்வொருவரும் ஒரு தரப்பாக நடித்துப் பேரம் பேசும் மாதிரிப் பேச்சுவார்த்தை. 25 பேர், ஒரு சனி ஞாயிறு, ஒரு பெரிய வீடு போதும். கல்லூரி மாணவர்கள், வழக்கறிஞர்கள், ஓய்வுபெற்ற தாசில்தார், ஆசிரியர் என்று கலந்திருந்தால் நல்லது.

கற்பனைத் தீவு ஒன்றை உருவாக்கி விளையாட வேண்டாம். கற்பனையில் எல்லோரும் நியாயவான்கள் ஆகிவிடுவார்கள். உண்மையான சட்டம், உண்மையான ஒப்பந்த வாசகங்கள், உண்மையான தோல்விகள் கையில் இருந்தால்தான் பேச்சு சூடுபிடிக்கும்.

கடைசிப் படியை முதலில் எழுதுங்கள்

எல்லாவற்றுக்கும் முன்பு தயாரிக்க வேண்டியது, உடன்பாடு எப்படிச் சட்டமாகும் என்று சொல்லும் ஒரு பக்கத் தாள். 1978 அரசியலமைப்பைத் திருத்த நாடாளுமன்றத்தின் 225 உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அதாவது 150 பேர். 2ஆம் உறுப்புரை (பிரிவு) இலங்கையை ஒற்றையாட்சி அரசு என்கிறது. அதில் கைவைத்தால் 83ஆம் உறுப்புரைப்படி 150 வாக்கோடு நாடு முழுவதும் மக்கள் வாக்கெடுப்பும் நடத்தியாக வேண்டும். இதைச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

இதை மறந்த உடன்பாடுகளின் கதி தெரிந்ததே. பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் 1957 ஜூலை 26இல் ஒப்பந்தம் செய்தார்கள். பிரதேச சபைகள், அவற்றுக்குக் குடியேற்றம், விவசாயம், கல்வியில் அதிகாரம் என்று அதில் இருந்தது. மறு ஆண்டு ஏப்ரலில் பிக்குகள் பிரதமர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள், ஒப்பந்தம் கைவிடப்பட்டது. 1965 மார்ச் 24இல் டட்லி சேனநாயக்காவோடு செய்ததும் நடைமுறைக்கு வரவில்லை. இரண்டு பிரதமர்களும் எதிரில் இருந்தவரோடு விலை பேசினார்கள். தங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தவர்களோடு பேசவில்லை. பல புள்ளிகளுக்கு (குடும்பங்களுக்கு) பாத்தியப்பட்ட பூர்வீக வீட்டில் ஓடு மாற்றக்கூடப் பினாங்கில் இருக்கும் பங்காளியின் ஒப்புதல் வேண்டும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. அந்தப் பினாங்குப் பங்காளி இந்தத் தீவில் யார் என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை.

விளையாட்டுக்கான இடப் பங்கீட்டை இப்படி வையுங்கள்: ஆளும் கட்சி 120, எதிர்க்கட்சி 75, வடகிழக்குத் தமிழர் 16, முஸ்லிம்கள் 8, மலையகத் தமிழர் 6. எந்தத் தேர்தலின் கணக்கும் அல்ல இது, வேண்டுமென்றே செய்தது. எதிர்க்கட்சி இல்லாமல் எல்லோரும் சேர்ந்தால் சரியாக 150. ஒருவர் விலகினாலும் போயிற்று. ஆகவே சிறுபான்மைத் தரப்பில் யாரையும் ஒதுக்க முடியாது, எதிர்க்கட்சியை அலட்சியமும் செய்ய முடியாது.

யார் யாராக உட்காருவது

ஆளும் கட்சி 4 பேர், எதிர்க்கட்சி 3, வடகிழக்குத் தமிழர் 5, முஸ்லிம்கள் 3, மலையகத் தமிழர் 3, நடுவர் 2, அண்டை நாடு 2, உச்ச நீதிமன்றம் 1, குறிப்பெடுப்போர் 2.

செட்டிநாட்டில் இந்த இடத்தில்தான் சிக்கல் வரும். எல்லோருக்கும் தமிழர் தரப்பில் உட்கார ஆசை. சிங்கள எதிர்க்கட்சியாக உட்காரச் சொன்னால், "நம்ம ஆளுகளையே விட்டுக்குடுக்கச் சொல்றீகளா அண்ணே?" என்று எழுந்துவிடுவார்கள். இரங்க வேண்டாம். யாருக்கு உணர்ச்சி அதிகமோ, யார் நன்றாக வாதாடுவாரோ, அவரைத்தான் எதிர்க்கட்சியில் போட வேண்டும். அந்த இடத்தில் சோப்ளாங்கியைப் போட்டால் மதியத்துக்குள் கூட்டாட்சி வந்துவிடும். எல்லோரும் கைதட்டிவிட்டு ஒன்றும் கற்காமல் வீட்டுக்குப் போவார்கள். எதிர்க்கட்சி மூவரில் ஒருவர் பிக்குகள் சங்கத்தின் குரலாகவும் பேச வேண்டும். அவருடைய அச்சம் வெறும் வேஷமாக இருக்கக் கூடாது: தீவுக்குள் பெரும்பான்மை என்றாலும் பாக் நீரிணைக்கு இப்பால் பல கோடித் தமிழர் இருப்பதைப் பார்த்துத் தம்மைச் சிறுபான்மையாக உணரும் மக்கள் அவர்கள். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதைப் பேசிப் பார்ப்பது ஒரு தனிப் பயிற்சி.

ஒவ்வொரு தரப்புக்கும் இரண்டு தாள். ஒன்று ஊரறிந்தது: மேடையில் அவர்கள் சொல்வது. தமிழர் தரப்புக்கு 1985இல் பூட்டான் தலைநகர் திம்புவில் நடந்த பேச்சில் வைத்த நான்கு கோட்பாடுகள் போதும்: தனித்தேசிய இனம், தாயகம், சுயநிர்ணய உரிமை, குடியுரிமை. மற்றது மூடிய உறையில்: விடவே முடியாதவை மூன்று, விலைக்கு விடக்கூடியவை மூன்று, உடன்பாடு வராவிட்டால் இந்தத் தரப்புக்கு என்ன ஆகும் என்று ஐந்து வரி. இந்த ஐந்து வரிதான் முக்கியம். உடன்பாடு இல்லாமலே சௌகரியமாக இருக்கும் தரப்பு எந்த வாசகத்துக்கும் அசையாது. சைப்ரஸில் 2004 ஏப்ரல் 24இல், பிளவுபட்ட தீவை மீண்டும் இணைக்கும் ஐ.நா. திட்டத்தின் மீது இரு பகுதியிலும் வாக்கெடுப்பு நடந்தது. துருக்கிய சைப்ரியரில் சுமார் 65 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். கிரேக்க சைப்ரியரில் சுமார் 76 விழுக்காட்டினர் இல்லை என்றார்கள். வாக்கு எப்படிப் போனாலும் மே 1இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் கிரேக்கத் தரப்புக்கு இடம் உறுதியாகியிருந்தது. இழக்க ஒன்றும் இல்லாதவர் ஏன் விட்டுக்கொடுப்பார்? உறையை எழுதும்போது எந்தத் தரப்பையும் அப்படி உட்காரவிடாதீர்கள்.

முஸ்லிம் தரப்பின் உறையில் 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியது இடம்பெறவேண்டும். இங்கே பலருக்கு அது தெரியாது, அல்லது பேசப் பிடிக்காது. மலையகத்தார் உறையில் அவர்களைக் குடியுரிமை இல்லாதவர்களாக்கிய 1948 குடியுரிமைச் சட்டமும், 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று 1964இல் அவர்களைக் கேட்காமலே பங்கிட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும். அவர்கள் வாழ்வது வடகிழக்குக்கு வெளியே. மாகாணத்துக்கு எவ்வளவு அதிகாரம் வாங்கினாலும் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய அவர்களுடைய லயத்து வீட்டுக்குப் பட்டா வராது. அவர்களுடைய 6 வாக்கு இல்லாமல் 150 வராது என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும், சொல்லித்தர வேண்டாம்.

வீட்டைப் பிரிக்கும் விதம்

செட்டிநாட்டு வீடு இதற்கென்றே கட்டியது போல இருக்கும், ஒரு குறையைத் தவிர. வளவை (நடு முற்றத்தை) சுற்றியுள்ள அறைகளில் பேசுவது எதிர் அறைக்குக் கேட்கும். ஆகவே தமிழர் தரப்பையும் ஆளும் கட்சியையும் ஒரே வளவில் வைக்காதீர்கள். ஆளும் கட்சிக்கு மேல்மாடி, எதிர்க்கட்சிக்கு அதே மாடியின் மறுகோடி, தமிழர், முஸ்லிம், மலையகத்தாருக்கு வளவின் மூன்று பக்க அறைகள். பொதுக் கூட்டம் முகப்புக் கூடத்தில். நீதிமன்றமாக இருப்பவர் வீட்டின் பின்பக்கம், இரண்டாம் கட்டில் தனியே. ஞாயிறு மதியம் வரை அவரோடு யாரும் பேசக் கூடாது. திண்ணை யாருக்கும் சொந்தமில்லை. அங்கே பேசுவது குறிப்பில் ஏறாது. பாதிக் காரியம் அங்கேதான் முடியும்.

சாப்பாட்டை அளவாக வையுங்கள். முழு விருந்து போட்டால் இரண்டு மணிக்குப் பேச ஆள் இருக்காது. பந்தியில் தரப்பு வாரியாக உட்கார விடாமல் கலந்து உட்கார வைப்பது நல்லது.

நடுவர் கையில் ஒரே ஒரு வரைவு

ஒவ்வொரு தரப்பும் தனித்தனி வரைவு கொண்டுவந்தால் இரண்டு நாளும் ஒப்பிடுவதிலேயே கழியும். சனிக்கிழமை காலை 9:30 முதல் 11 வரை பொதுக் கூட்டத்தில் நிலைப்பாடுகளைப் பேச விடுங்கள். பிறகு நடுவர் அறை அறையாகப் போய் "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று கேட்காமல் "எது நடந்தால் நீங்கள் வெளியேறுவீர்கள்" என்று கேட்க வேண்டும். மதியம் ஒரு மணிக்குள் இரண்டு பக்கத்துக்கு மிகாத வரைவு அவரிடம் தயாராகட்டும். அதன்பின் எல்லோரும் அதையே திருத்தலாம். புதிய வரைவு யாரும் தரக் கூடாது. ஒரு தரப்பு ஒரு வரிக்கு ஒப்பினால் அது தற்காலிக ஒப்புதல். முழுத்தாளும் முடியும் வரை எதுவும் முடிந்ததாகாது. இது இல்லாவிட்டால் மலிவான விஷயங்களில்கூட யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

அண்டை நாட்டார் வரைவு எழுதக் கூடாது. உத்தரவாதம் தரலாம், ஆனால் மீறல் நடந்தால் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று வரி வரியாக எழுத வேண்டும். சைப்ரஸின் 1960 உத்தரவாத ஒப்பந்தம் உத்தரவாத நாடுகளுக்குத் தனித்து நடவடிக்கை எடுக்கும் உரிமை தந்தது. ஒப்பந்தம் உருவாக்கிய நிலையை மீட்பதே நோக்கம் என்றது, ஆனால் எந்த வகை நடவடிக்கை என்று எல்லை குறிக்கவில்லை. 1974இல் துருக்கி அதைக் காட்டித்தான் படையோடு இறங்கியது.

நிலம்: அரைநாள் ஒதுக்குங்கள்

சனி மதியம் 2:30 முதல் 6 வரை நிலம் மட்டும். "நில அதிகாரம் மாகாணத்துக்கு" என்று ஒற்றை வரி எழுதிவிட்டு நகர்பவர்களை நடுவர் நிறுத்த வேண்டும். மாகாண சபைகளை உருவாக்க 1987 நவம்பரில் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் மாகாணப் பட்டியலிலும் நிலம் இருக்கிறது. ஆனால் பின்னிணைப்பைப் படித்தால் அரச நிலம் குடியரசிடமே இருக்கும், மாகாண சபையின் ஆலோசனைப்படி ஜனாதிபதி வழங்குவார் என்று வருகிறது. கொள்கை வகுக்க ஒரு தேசிய நில ஆணைக்குழு என்றும் இருக்கிறது. அது அமைக்கப்படவே இல்லை. 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அரச நிலத்தின் மீதான அதிகாரம் மத்திக்கே என்று தீர்ப்பளித்தது. ஆக, பட்டியலில் சொல் இருந்தது, கையில் நிலம் இல்லை.

நிலத்தை நான்காகப் பிரித்துப் பேசச் சொல்லுங்கள். உரிமை யார் பெயரில்? பயனாளியைத் தேர்ந்தெடுப்பது யார்? மகாவலி ஆற்றுத் திட்டம் போல மாகாண எல்லை தாண்டும் நீர்ப்பாசனத் திட்டங்களில் யாருக்கு முன்னுரிமை? இராணுவத்தின் கையில் உள்ள தனியார் காணி எந்தத் தேதிக்குள் திரும்பும்? முதல் கேள்வியில் எல்லோரும் முட்டிக்கொள்வார்கள். இரண்டாவதில்தான் உண்மையான அதிகாரம் இருக்கிறது. கொழும்பின் பெயரில் உரிமையை விட்டுவிட்டுத் தேர்வை மாகாணம் எடுத்துக்கொள்வது இரு தரப்பும் விற்கக்கூடிய பேரம். 1965 ஒப்பந்தம் தேர்வுக்கு வரிசையே எழுதியிருந்தது: முதலில் அந்த மாவட்டத்தின் நிலமற்றோர், அடுத்து வடகிழக்கில் வாழும் தமிழ் பேசுவோர், பிறகு பிற குடிமக்கள். இந்த வரிசையை முஸ்லிம் தரப்பிடம் காட்டித் திருத்தம் கேளுங்கள்.

தேதி இல்லாத எந்த வரியையும் ஏற்காதீர்கள். "மாகாண சபை அனுப்பிய பெயரை 60 நாளுக்குள் காரணம் எழுதி மறுக்காவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளப்படும்" என்ற வகை வாசகம் வேண்டும். ஆணைக்குழு அமைக்கப்படாவிட்டால் அதன் வேலை யாரிடம் போகும் என்பதும் அதே பத்தியில் வர வேண்டும்.

கிழக்கு

சனி இரவே உடைவது பெரும்பாலும் இங்கேதான். 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைத்தது. கிழக்கில் 1988 டிசம்பர் 31க்குள் வாக்கெடுப்பு என்றது. அது தள்ளித் தள்ளிப் போய், 2006 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இணைப்பு செல்லாது என்றது. "தற்காலிகம்" என்று எழுதி முடிவைப் பின்னால் தள்ளினால், பின்னால் அந்த முடிவை எடுப்பவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

இணைப்பா இல்லையா என்று மட்டும் கேட்டால் தமிழர் தரப்பும் முஸ்லிம் தரப்பும் மோதும். ஆளும் கட்சி வேடிக்கை பார்க்கும். இரண்டு மாகாணங்கள், கல்விக்கும் மொழிக்கும் ஒரு கூட்டுச் சபை, நிலப் பங்கீட்டில் கிழக்கு முஸ்லிம்களுக்கு இரட்டை ஒப்புதல் என்ற வழியையும் மேசையில் வையுங்கள். இரட்டை ஒப்புதலுக்கு வடஅயர்லாந்தின் 1998 உடன்பாட்டில் வாசகம் உண்டு: மொத்தத்தில் 60 விழுக்காடு, இரு சமூகப் பிரதிநிதிகளிலும் தலா 40 விழுக்காடு. எண்ணை மாற்றலாம், கட்டமைப்பை எடுத்துக்கொள்ளலாம்.

பணத்துக்கு அரைமணி போதும். விழுக்காடு மட்டும் எழுதினால் போதாது, எதில் விழுக்காடு என்று எழுத வேண்டும். 2005 ஆகஸ்ட் 15 ஹெல்சிங்கி உடன்பாடு இந்தோனேசியாவின் அச்சே மாநிலத்துக்கு அதன் எண்ணெய், எரிவாயு உள்ளிட்ட இயற்கை வள வருவாயில் 70 விழுக்காடு என்று தெளிவாகச் சொல்கிறது.

காலவரிசை

ஞாயிறு காலை. எது முதலில், எது பிறகு? 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில், போர்நிறுத்தம் வந்து 72 மணி நேரத்துக்குள் ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று எழுதினார்கள். ஆயுதம் வைத்திருந்த புலிகள் அதில் கையெழுத்திட்டவர்களே அல்ல. அக்டோபரில் சண்டை தொடங்கிவிட்டது. பப்புவா நியூ கினியின் பூகன்வில் தீவின் 2001 உடன்பாடு வேறு வழி எடுத்தது: ஆயுதக் களைவு, தன்னாட்சி, வாக்கெடுப்பு மூன்றையும் ஒன்றோடொன்று கட்டியது. ஒரு கட்டம் முடிந்ததாகச் சரிபார்த்தால்தான் அடுத்தது திறக்கும். வாக்கெடுப்பு, தன்னாட்சி அரசு அமைந்து 10 முதல் 15 ஆண்டுக்குள். அது 2019இல் நடந்தது. உங்கள் வரைவிலும் ஒவ்வொரு படிக்கும் எதிரில் யார் சரிபார்ப்பார் என்ற கட்டம் காலியாக இருக்கக் கூடாது.

ஞாயிறு 2 மணிக்கு வரைவு இரண்டாம் கட்டுக்குப் போகும். நீதிமன்றமாக இருப்பவர் 40 நிமிடம் படித்து ஒரே கேள்விக்குப் பதில் தர வேண்டும்: இது 2ஆம் உறுப்புரையைத் தொடுகிறதா? தொடுகிறது என்றால் எந்த வரி என்று கோடிட வேண்டும். தரப்புகளுக்கு 20 நிமிடம்: அந்த வரியை மாற்றலாம், அல்லது நாடு முழுவதும் வாக்கெடுப்புக்குப் போகத் துணியலாம். துணிந்தால், எதிர்க்கட்சி மூவரும் எழுந்து அதற்கு எதிராக ஐந்து நிமிடம் பிரசாரம் செய்யட்டும். குறிப்பெடுத்த இருவரும் வேடிக்கை பார்க்க வந்த வீட்டாரும் கைதூக்கி முடிவு சொல்லட்டும். அந்த வீட்டு ஆச்சியின் வாக்கையும் எண்ணுங்கள்.

உடன்பாடு தோற்றால் மறுபடி நடத்தி ஜெயிக்க வைக்க வேண்டாம். உறைகளைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விலைக்கு விடக்கூடியவற்றில் எவை கடைசிவரை யாராலும் கேட்கப்படாமல் கிடந்தன என்று பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில், அதைக் கேட்டிருக்க வேண்டிய தரப்பு எந்த நேரத்தில் எந்த அறையில் என்ன பேசிக்கொண்டிருந்தது என்பதைக் குறிப்பேட்டிலிருந்து எடுத்து எழுதுங்கள். அந்தத் தாளின் நகல் 25 பேருக்கும் போக வேண்டும்.