முக்கோணியில் எந்தப் பக்கம் நீளம், எந்தக் கோணம் பெரிது?

வன்னி வரைபடம் ஒன்றில் பரந்தன், மாங்குளம், முல்லைத்தீவு மூன்றுக்கும் புள்ளி போட்டு, அடிமட்டத்தால் இணையுங்கள். வீதி எப்படி வளைந்து போகிறது என்று பார்க்க வேண்டாம். கணக்கு நேர்கோட்டுக்கு மட்டும்தான். பரந்தன்–முல்லைத்தீவுக் கோடு ஆக நீளம், பரந்தன்–மாங்குளம் ஆகக் கட்டை. பாகைமானியைத் தொடாமலே இனிச் சொல்லலாம்: பெரிய கோணம் மாங்குளத்தில், சிறியது முல்லைத்தீவில். நீளமான பக்கத்துக்கு எதிரே பெரிய கோணம், கட்டையான பக்கத்துக்கு எதிரே சிறிய கோணம்.

பிள்ளைகள் பிழைவிடுவது எதிர் உச்சியைப் பிடிப்பதில். நீளமான பக்கத்தின் இரு முனைகளிலேயே பெரிய கோணத்தைத் தேடுவார்கள். பக்கத்தின் பெயரில் எந்த எழுத்து இல்லையோ அதுதான் எதிர் உச்சி. ஏபிசி முக்கோணியில் ஏபி என்றால் சி. படத்தை நம்பவே வேண்டாம். வினாத்தாளில் வரும் படம் பெரும்பாலும் அளவிடைக்கு வரைந்ததல்ல.

இரண்டு கோணம் தந்தால் முதலில் மூன்றாவதைக் காணுங்கள். ஏ 48°, பி 75° என்றால் சி 57°. ஆகவே பிசி < ஏபி < ஏசி. மூன்றாவதைக் காணாமல் 75° தான் பெரிது என்று முடிவுகட்டுவது இங்கே தப்பிவிடும். 30°, 40° என்று வந்தால் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் மற்றது 110°.

பக்கங்கள் தந்தால், சிறிய இரண்டின் கூட்டுத்தொகை பெரியதை விடக் கூடவா என்று பாருங்கள். 4, 5, 10 முக்கோணியே ஆகாது. 6, 7, 10 ஆகும். அதில் சிறிய இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினால் 36 + 49 = 85, இது 10இன் வர்க்கமான 100ஐ விடக் குறைவு; எனவே 10க்கு எதிரே விரிகோணம்.

வரிசை சொல்லலாம், விகிதம் சொல்ல முடியாது. 30°, 60°, 90° முக்கோணியில் 60°க்கு எதிர்ப்பக்கம் 30°க்கு எதிர்ப்பக்கத்தின் இரண்டு மடங்கு அல்ல, ஏறத்தாழ 1.73 மடங்கு. இரண்டு மடங்காக இருப்பது 90°க்கு எதிரே உள்ள செம்பக்கம்.

பரீட்சையில் புள்ளி அதிகம் போவது நாற்பக்கலில். ஏபிசிடியில் பிடி மூலைவிட்டம். ஏபிடி முக்கோணியில் ஏ 50°, பி 60°, டி 70°. பிசிடியில் சி 80°, பி 55°, டி 45°. 80° தான் எல்லாவற்றிலும் பெரிது, ஆகவே பிடி ஆக நீளம் என்று எழுதினால் பிழை. ஒரு முக்கோணியின் கோணத்தை மற்றதன் கோணத்தோடு ஒப்பிடக்கூடாது. தனித்தனியாக வரிசைப்படுத்துங்கள்: முதலாவதில் ஏபி > ஏடி > பிடி; இரண்டாவதில் பிடி > சிடி > பிசி. பொதுப் பக்கமான பிடி முதலாவதில் ஆகக் கட்டை, இரண்டாவதில் ஆக நீளம். அதனால்தான் ஏபி > ஏடி > பிடி > சிடி > பிசி என்று கோர்க்க முடிகிறது. இரண்டாவதில் பிடி நடுவில் வந்திருந்தால், அதைவிட நீளமான பக்கத்தை ஏபியுடனோ ஏடியுடனோ இந்த விதியால் மட்டும் ஒப்பிட வழியில்லை.