சென்சரி பொருள் வாங்கும் முன் பிள்ளையைக் கவனியுங்கள்

ஆட்டிசம் போன்ற சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்கென்று ஆன்லைனில் விற்கும் 'சென்சரி கிட்'டை (தொடுதல், சத்தம், அசைவு போன்ற உணர்வுகளுக்கான விளையாட்டுப் பொருள்களின் தொகுப்பு) ஆர்டர் செய்வதற்கு முன்னால், ஒரு வாரம் உங்கள் பிள்ளையைச் சும்மா கவனித்துப் பாருங்கள். குக்கர் விசில் வந்தால் காதைப் பொத்திக்கொள்கிறதா, சட்டைக்குள் இருக்கும் லேபிளைப் பிய்க்கிறதா, இல்லை நேர்மாறாக சோபாவிலிருந்து குதித்துக்கொண்டும் காலரைக் கடித்துக்கொண்டும் இருக்கிறதா? முதலாவது, உணர்வு தாங்க முடியாமல் போவது. இரண்டாவது, போதாமல் தேடுவது. ஒரே பிள்ளையிடம் இரண்டும் இருக்கும், சத்தம் ஆகாது, ஊஞ்சல் மட்டும் விடாமல் வேண்டும். இது தெரியாமல் வாங்கிய பொருள் அலமாரியில்தான் கிடக்கும்.

தொடு உணர்வுக்கு வீட்டிலேயே எல்லாம் இருக்கிறது. அகலமான தாம்பாளத்தில் அரிசியைக் கொட்டி, பிள்ளைக்குப் பிடித்த பொம்மைக் காரைப் பாதி புதைத்து வையுங்கள். கை வைக்கத் தயங்கினால் முதலில் கரண்டியால் தோண்டட்டும், அப்புறம் ஒரு விரல், அப்புறம் கை. நாமே கையைப் பிடித்து உள்ளே அழுத்தவே கூடாது. ஒரு தடவை பயந்துவிட்டால் தாம்பாளத்தைப் பார்த்தாலே ஓடும். பழகிய பிறகு 'கார் எங்கே?', 'சிவப்பை எடு' என்று பேச்சும் நிறமும் அதிலேயே வரும். எதையும் வாயில் போடும் பிள்ளை என்றால் அரிசி, பருப்பு, புளியங்கொட்டை எதுவும் வேண்டாம், பிசைந்த சப்பாத்தி மாவு போதும். தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் ஜெல் மணிகளை எந்தப் பிள்ளைக்கும் வாங்காதீர்கள், விழுங்கினால் குடலை அடைத்துவிடும். காந்தத் துண்டும் பட்டன் பேட்டரியும் வேண்டாம், விழுங்கினால் உள்ளே புண்ணாக்கி ஓட்டையே போட்டுவிடும்.

வாயில் போடாத வயது வந்துவிட்டால் பல்லாங்குழியை எடுங்கள். குழிக்கு ஒரு சோழி என்று போடும்போது எண்ணிக்கையும், விரல் பிடிப்பும், 'இப்போ உன் முறை' என்று காத்திருப்பதும் சேர்ந்தே வருகின்றன.

மிக்ஸி சத்தம் ஆகாத பிள்ளையிடம் 'மிக்ஸி போடப் போறேன்' என்று சொல்லிவிட்டு, முடிந்தால் சுவிட்சைப் பிள்ளையையே போடச் சொல்லுங்கள். எப்போது நிற்கும் என்பது தன் கையில் இருந்தால் பயம் பாதி குறையும். கல்யாண மண்டபம், பட்டாசு நேரத்துக்குக் காதுக்கவசம் நல்லது, ஆனால் நாள் முழுக்க மாட்டிவிடாதீர்கள்.

குதித்துக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு பாரமான வேலை கொடுங்கள்: தண்ணீர் பாட்டில்கள் நிறைந்த பையைத் தூக்குவது, நாற்காலியைத் தள்ளுவது. பாடத்துக்கு உட்காருவதற்கு முன்னால் செய்தால் பல பிள்ளைகள் நிதானமாகிவிடும். உள்ளே பாரம் வைத்துத் தைத்த எடைப் போர்வைக்கு அவசரப்பட்டுப் பணம் போடாதீர்கள், 2014-இல் வந்த ஒரு ஆய்வில் ஆட்டிசக் குழந்தைகளின் தூக்கம் அதனால் கூடவில்லை. தானாக விலக்கத் தெரியாத குழந்தைக்கு அது ஆபத்தும்கூட. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டை, அதாவது அன்றாட வேலைகளுக்கும் உணர்வுச் சிக்கல்களுக்கும் பயிற்சி தரும் நிபுணரை, கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்கள் முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனமான என்.ஐ.ஈ.பி.எம்.டி.க்குப் (NIEPMD) போகலாம்.

பள்ளிக்கு அனுப்பும்போது பிள்ளைக்குப் பழகிய ஒரே ஒரு பொருளை, அழுத்திப் பிசையும் பந்து போல, பையில் வைத்து டீச்சரிடம் நேரில் சொல்லிவிடுங்கள்: இது பரிசு இல்லை, தண்டனையாகப் பிடுங்கவும் கூடாது, தவிக்கிற நேரத்தில்தான் கையில் இருக்க வேண்டும்.