சுழல் தெரிந்தால் கலந்துவிட்டது என்று அர்த்தமில்லை

டர்பனில் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பாய்ம இயக்கவியலில் (நீர், காற்று போன்றவற்றின் ஓட்டத்தைப் பற்றிய துறை) ஆய்வு செய்ய முன்வருவது நிறைவான விஷயம். ஊர்க் கடலே அதற்கு ஏற்றது. அகுலாஸ் நீரோட்டம் கரையோரமாகத் தென்மேற்கே ஓடுகிறது. அதற்கும் கரைக்கும் நடுவே 'டர்பன் எடி' என்ற குளிர்ந்த சுழல் அடிக்கடி உருவாகிறது. ஆனால் புதிதாக வருபவர்களின் ஆய்வேட்டு வரைவுகளில் சில தவறுகள் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன.

முதலில் சுழற்சியின் திசையைக் காட்டும் கூட்டல், கழித்தல் குறி. பல பாடநூல்கள் வட அரைக்கோளத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே சைக்ளோன் வகைச் சுழல் (நடுவில் அழுத்தம் குறைந்தது) இடஞ்சுழி, தென் அரைக்கோளத்தில் இருக்கும் நமக்கு வலஞ்சுழி. டர்பன் எடி அப்படித்தான் சுற்றுகிறது, அடியிலிருந்து குளிர்ந்த நீரை மேலே கொண்டுவருகிறது. அதன் வோர்ட்டிசிட்டி (ஓரிடத்து நீர் எவ்வளவு சுழல்கிறது என்ற அளவு) எதிர்மக் குறியில் வருவதைப் பார்த்து, ஆன்டிசைக்ளோன் (எதிர்வகைச் சுழல்) என்று எழுதிவிடாதீர்கள். அகுலாஸ் நீரோட்டத்திலிருந்து பிரிந்து அட்லாண்டிக்குக்குள் போகும் அகுலாஸ் வளையங்கள்தான் ஆன்டிசைக்ளோன். அவை வெதுவெதுப்பானவை, இடஞ்சுழியாகச் சுற்றுபவை.

வோர்ட்டிசிட்டி அதிகமாக இருக்கும் இடமெல்லாம் சுழல் என்று நினைப்பது அடுத்த தவறு. குழாய்ச் சுவரை ஒட்டி நேராக ஓடும் நீரிலும் அது அதிகம். அங்கே எதுவும் சுற்றுவதில்லை. சுழற்சியையும் உருக்குலைவையும் ஒப்பிட்டு உண்மைச் சுழலைப் பிரித்துக்காட்டும் ஒகுபோ–வைஸ் அல்லது கியூ அளவுகோலைப் பயன்படுத்துங்கள். எந்த மதிப்பில் எல்லை வகுத்தீர்கள் என்பதையும் படத்தின் கீழேயே எழுதுங்கள். அந்த எண்ணை மாற்றினால் சுழல்களின் எண்ணிக்கையே மாறிவிடும்.

சரி, இப்போது முக்கியமான விஷயம். அழகான சுழலைப் படத்தில் கண்டதும் "நீர் நன்றாகக் கலந்துவிட்டது" என்று எழுதுவது. சுழல் செய்வது கிளறும் வேலை: சாயத்தை நீட்டி மடித்து மெல்லிய இழைகளாக்கும். கலப்பை முடித்துவைப்பது மூலக்கூறுப் பரவல், அதாவது மூலக்கூறுகள் தாமாகவே நகர்ந்து பரவுவது. பாய்ம இயக்கவியல் அறிஞர் ஜி. ஐ. டெய்லர் செய்துகாட்டிய சோதனையை யோசித்துப் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த இரண்டு உருளைகளுக்கு நடுவே கிளிசரின், அதில் ஒரு பொட்டுச் சாயம். உள் உருளையை மெதுவாகச் சுற்றினால் சாயம் கரைந்து போனதுபோல் இருக்கும். அதே அளவு திருப்பிச் சுற்றினால் பொட்டு ஏறக்குறைய பழையபடி வந்து நிற்கும்! கலந்திருந்தால் அது எப்படித் திரும்பும்?

நீரில் உப்பின் பரவல் கெழு (எவ்வளவு விரைவாகப் பரவும் என்ற அளவு) சதுர மீட்டர்/விநாடி அலகில் சுமார் 10⁻⁹. 1 செ.மீ. தடிமனைக் கடக்க அதற்கு ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். இழை 0.1 மி.மீ. ஆகிவிட்டால் பத்து விநாடி போதும். சுழலின் பெருமை அந்த மெலிவில்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் கேமராவின் ஒரு பிக்சல் 1 மி.மீ. என்றால், கலக்காத இழைகளும் ஒரே நிறமாகத்தான் தெரியும். அதனால் பிக்சல் அளவைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். முடிந்தால் அமில–கார வினையை வைத்துச் சரிபாருங்கள். மூலக்கூறுகள் சந்தித்தால்தான் நிறங்காட்டி நிறம் மாறும்.

கொந்தளிப்பு இல்லாவிட்டால் கலப்பே இல்லை என்பதும் தவறு. மாறிமாறி இயங்கும் இரண்டு எளிய சுழல்களே துகள்களின் பாதையைக் குழப்பநிலைக்குத் தள்ளிவிடும் என்று பாய்ம இயக்கவியல் ஆய்வாளர் ஹசன் ஆரெஃப் 1984இல் காட்டினார். ஒரு கணத்தின் ஓட்டக்கோடுகளில் இது தெரியாது, துகள்களைப் பின்தொடர வேண்டும்.

அப்புறம் கணினிக் கணக்கு. நீரின் வேகம் விநாடிக்கு 1 செ.மீ., கணக்குக்காக நீரைப் பிரிக்கும் கட்டத்தின் அளவு 1 மி.மீ. என்றால், முதல்படி அப்விண்டு முறை (ஓட்டம் வரும் பக்கத்துக் கட்டத்தின் மதிப்பை எடுத்துக்கொள்ளும் எளிய கணக்கு முறை) தானாகவே அதே அலகில் சுமார் 5×10⁻⁶ அளவுக்குப் பொய்ப் பரவலைச் சேர்க்கிறது. உப்பின் உண்மைப் பரவலைப்போல் 5,000 மடங்கு. திரையில் சீராகக் கலந்தது போலத் தெரிவது அதனால்தான். கட்டத்தைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். கலப்பு நேரம் மாறினால், நீங்கள் அளந்தது உங்கள் கட்டத்தை, நீரை அல்ல.