மாடர்ன் குயில்ட்டை முடிப்பது எப்படி: பஞ்சு விரிப்பு, மெஷின் குயில்டிங், ஓரப்பட்டி

மேல்துணியை ஒட்டுப்போட்டுத் தைத்து முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் மடித்து அலமாரியில் வைத்திருக்கிறீர்களா? இந்தப் பதிவு உங்களுக்குத்தான். அடியில் ஒரு துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, மேலே நீங்கள் தைத்தது. இந்த மூன்றையும் சேர்த்து ஓடும் தையல் விழுந்த பிறகுதான் அது குயில்ட். நடுவில் வைப்பதைக் கடைகளில் பேட்டிங் அல்லது வாடிங் என்று கேட்க வேண்டும். கிரிக்கெட்டோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க, பஞ்சு விரிப்பு என்றே எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு 40 x 50 இன்ச் அளவில், ஏசி அறையில் காலில் போட்டுக்கொள்ள ஒரு சின்னப் போர்வையை எடுத்துக்கொள்வோம். பிளெயின் நிறங்கள், நடுவில் பெரிய வெற்றிடம், ஓரமாக நாலைந்து வண்ணத் துண்டுகள். 2009-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய மாடர்ன் குயில்ட் கில்ட் போன்ற குழுக்கள் வழியாக உலகம் முழுக்கப் பரவிய பாணி இது. இதில் வெற்றிடமும் டிசைன்தான். அங்கே ஓடும் தையல் கோடுகளே அலங்காரம் என்பதால், குயில்டிங்கைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

முதலில் பஞ்சு, பிறகு கோடு

என் முதல் குயில்ட்டில் 12 இன்ச் இடைவெளி விட்டுக் கட்டம் கட்டமாகத் தைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டாவது முறை துவைத்து எடுத்து ஜன்னலுக்கு எதிரே பிடித்தபோது, ஒவ்வொரு கட்டத்திலும் பஞ்சு ஒரு மூலைக்குத் திரண்டு, மிச்ச இடம் வெறும் துணியாக வெளிச்சத்தை விட்டது. தூக்கிப்போட்ட பாக்கெட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். 4 இன்ச்சுக்கு மேல் இடைவெளி கூடாது என்று அதிலேயே போட்டிருந்தது.

எந்த விரிப்பு வாங்கினாலும் அதிகபட்சத் தையல் இடைவெளியை முதலில் பாருங்கள். சிலவற்றுக்கு 2 இன்ச், சிலவற்றுக்கு 10 இன்ச் வரை போகலாம். பஞ்சோடு சல்லடை மாதிரி மெல்லிய வலையைச் சேர்த்து ஊசியால் குத்தி இறுக்கிய விரிப்புகள் பெரிய இடைவெளியைத் தாங்கும். வலை இல்லாதவற்றில் கோடுகள் நெருக்கமாக வர வேண்டும்.

இனி வகைகள். முழுப் பருத்தி தட்டையாக, துணியோடு ஒட்டி நிற்கும். மெஷினுக்கடியில் வழுக்காது. காற்றோட்டம் இருப்பதால் நம் வெயிலுக்கும் ஒத்துவரும். துவைத்தால் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும். 50 இன்ச் நீளம் 48 இன்ச் பக்கம் வந்து நிற்கலாம். சுருங்கும்போது கோடுகளின் இருபுறமும் மெல்லிய சுருக்கம் விழும். பாட்டியின் பழைய புடவையை மடித்துத் தைத்த விரிப்பின் மென்மை அதில் உண்டு, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

80 சதவீதம் பருத்தி, 20 சதவீதம் பாலியஸ்டர் கலந்ததைத்தான் முதல் குயில்ட்டுக்குச் சொல்வேன். கொஞ்சம் லேசு, சுருக்கமும் குறைவு, தையல் கோடு சற்றே புடைத்துத் தெரியும். கம்பளி விரிப்பில் கோடுகள் இன்னும் எடுப்பாக நிற்கும், மடித்து வைத்தாலும் தடம் தங்காது. ஆனால் விலை கூட. தடியான பாலியஸ்டரை இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள். வீட்டு மெஷினின் காலுக்கடியில் அது நகர மறுக்கும், தரம் குறைந்ததாக இருந்தால் இழைகள் தையல் துளை வழியாகத் துணிக்கு மேலே வந்து பூனைமுடி மாதிரி நிற்கும்.

நிறத்தையும் பாருங்கள். பழுப்பான இயற்கைப் பருத்தியில் விதைத் துணுக்குகள் புள்ளி புள்ளியாக இருக்கும், வெள்ளைத் துணிக்கு அடியில் வைத்தால் அவை தெரியும். வெள்ளைக்கு வெளுத்த விரிப்பே சரி.

அடித்துணி

நாலு பக்கமும் 4 இன்ச் கூடுதலாக, அதாவது 48 x 58 இன்ச். விரிப்பு நாலு பக்கமும் 3 இன்ச் கூடுதல் இருந்தால் போதும். 44 இன்ச் அகலத் துணி வாங்கினால் அகலம் போதாது, ஒட்டுப்போட வேண்டும். ஒட்டும் இடத்தில் கரையை, அதாவது துணியின் இருபக்கமும் நெசவிலேயே வரும் கெட்டி ஓரத்தை, வெட்டி எடுத்துவிடுங்கள். கரை துவைப்பில் வேறு மாதிரி சுருங்கி இழுக்கும். அரை இன்ச் விட்டுத் தைத்து, தையலை இருபக்கமும் பிரித்து அயர்ன் செய்யுங்கள். ஒட்டே வேண்டாம் என்றால் 58 இன்ச் அகலப் பருத்தி கேட்டு வாங்கலாம்.

மூன்றையும் அடுக்குவது

குயில்ட்டின் பின்பக்கம் மடிப்பு விழுந்தால் எல்லோரும் மெஷினைத் திட்டுகிறார்கள். பத்தில் ஒன்பது முறை தப்பு இந்த இடத்தில்தான் நடந்திருக்கும். அவசரப்படாதீர்கள்.

பாக்கெட்டிலிருந்து எடுத்த விரிப்பை ஓர் இரவு கட்டிலில் விரித்துப் போடுங்கள், மடிப்புத் தடம் தளர்ந்துவிடும். மறுநாள் தரையைத் துடைத்துவிட்டு அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, ஓரங்களில் டேப் ஒட்டுங்கள். துணி சமமாக நின்றால் போதும். இழுத்து ஒட்டினால், டேப்பை எடுத்ததும் சுருங்கி மேல்துணியை இழுத்துவிடும். அதன்மேல் விரிப்பு. விரலால் தடவிப் பார்த்தால் ஒரு பக்கம் சின்னச் சின்னக் குழிகளும் மறுபக்கம் பொடி முடிச்சுகளும் தட்டுப்படும். குழிப் பக்கம் மேலே. கடைசியாக மேல்துணி. நடுவிலிருந்து வெளியே உள்ளங்கையால் தடவிச் சமன் செய்யுங்கள்.

இப்போது ஊக்கு. நடுவில் ஆரம்பித்து, எங்கே உள்ளங்கையை வைத்தாலும் அதற்கடியில் ஓர் ஊக்காவது இருக்கிற மாதிரி, 3–4 இன்ச்சுக்கு ஒன்று குத்துங்கள். நூற்றைம்பது ஊக்கு பிடிக்கும். முடித்ததும் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பாருங்கள். மடிப்பு இருந்தால் இப்போதே எடுத்துக் குத்துங்கள்.

மெஷினைத் தயார் செய்வது

90/14 ஊசி, புதிது. 50 எண் பருத்தி நூல். கோடு தூக்கலாகத் தெரிய வேண்டுமென்றால் 40. தையல் நீளம் 3 மி.மீ. வாக்கிங் ஃபுட் கட்டாயம் வேண்டும். அடியிலுள்ள பல் கீழ்த்துணியை நகர்த்தும்போது, இந்தக் கால் மேல்துணியையும் அதே வேகத்தில் நகர்த்தும். சாதாரணக் காலில் மேல்துணி பின்தங்கி, குறுக்கே வரும் தையலில் சுருக்கமாகக் குவியும். உங்கள் மெஷினின் ஷாங்க் (கால் மாட்டும் தண்டு) உயரத்துக்குப் பொருந்துவதாகப் பார்த்து வாங்குங்கள்.

மிஞ்சிய துணியிலும் விரிப்பிலும் 10 இன்ச் சதுரம் ஒன்று அடுக்கித் தைத்துப் பாருங்கள். பாபின் நூல் மேலே புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்துங்கள். கீழே நூல் தொளதொளவென்று கிடந்தால் இறுக்குங்கள்.

அலைக்கோடுகள்

முதல் தடவைக்கு நான் சொல்வது நேர்க்கோடல்ல, அலைக்கோடு. நேர்க்கோடு அரைக்கால் இன்ச் விலகினாலும் கண்ணில் குத்தும். அலையில் விலகலே அழகு.

மேல் ஓரத்துக்கு வெளியே, விரிப்பின் மேலேயே தொடங்குங்கள். அந்த ஓரத்தை எப்படியும் வெட்டிவிடுவோம், முடிச்சு போடும் வேலையே இல்லை. முதல் கோடு நடுவில். தைக்கும்போது இரு கையாலும் துணியை மெதுவாக இடம், வலம் என்று திருப்பினால் போதும். தள்ளவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். அடுத்த கோடு அதற்கு வலப்பக்கம் ஒன்றரை இன்ச் தள்ளி. அதுவும் மேலிருந்து கீழாகத்தான். ஒன்று மேலிருந்து, அடுத்தது கீழிருந்து என்று மாற்றித் தைத்தால் இரண்டுக்கும் நடுவே துணி சாய்ந்து முறுக்கிக்கொள்ளும். வலப்பாதி முடிந்ததும் குயில்ட்டை முழுதாகத் திருப்பி மறுபாதி. இப்படிச் செய்தால் மெஷினின் கைக்கடியில் சுருட்டித் திணிக்க வேண்டிய துணி போகப்போகக் குறையும். ஊக்கு அருகில் வந்தால் நிறுத்திக் கழற்றுங்கள், அதன்மேல் ஓட்டாதீர்கள்.

குயில்ட்டின் பாரம் மேசைக்குக் கீழே தொங்கினால் தையல் குட்டையாகும். இடப்பக்கம் ஒரு ஸ்டூலோ அயர்ன் மேசையோ போட்டுத் தாங்கச் செய்யுங்கள். ரப்பர் புள்ளி வைத்த கையுறை போட்டால் பிடி வழுக்காது.

மெஷினில் பாம்பு மாதிரி வளைந்து ஓடும் அலங்காரத் தையல் இருந்தால், அகலத்தையும் நீளத்தையும் கூட்டி வைத்து நேராக ஓட்டினாலே அலை வந்துவிடும். நெருக்கமாக நிரப்பும் பூத்தையல்கள் வேண்டாம், மூன்று அடுக்கையும் சுருக்கிவிடும்.

பல்லை இறக்கிவிட்டு, டார்னிங் ஃபுட் மாட்டி, கையாலேயே துணியை நகர்த்தி வளையம் போடும் ஃப்ரீ மோஷனை அடுத்த குயில்ட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை தாளில் பென்சிலை எடுக்காமல் அதே வளையங்களை வரைந்து பழகலாம்.

ஓரப்பட்டி

நீண்ட ஸ்கேல் வைத்து நாலு மூலையும் சரியான செங்கோணமாக வெட்டுங்கள். சுற்றளவு 180 இன்ச், இணைப்புக்கும் மூலைக்கும் 12 கூட்டினால் 192. இரண்டரை இன்ச் அகலத்தில் 44 இன்ச் பட்டிகள் ஐந்து போதும், அரை மீட்டரில் வந்துவிடும். முனைகளைச் சாய்வாகச் சேர்த்துத் தைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து அயர்ன் செய்யுங்கள்.

முன்பக்கம் வெட்டிய ஓரத்தோடு பட்டியின் மடிப்பில்லாத ஓரத்தைச் சேர்த்து, முதல் 8 இன்ச்சைத் தைக்காமல் விட்டு, 1/4 இன்ச்சில் தையுங்கள். மூலைக்கு 1/4 இன்ச் முன்னால் நிறுத்தி நூலை வெட்டுங்கள். பட்டியை நேர் மேலே தூக்கினால் 45 டிகிரி மடிப்பு தானாக விழும். அதை விரலால் பிடித்தபடி பட்டியைக் கீழே மடக்கி, ஓரத்திலிருந்து மறுபடி தையுங்கள். சுற்றி வந்ததும் இரு முனைகளையும் அளந்து சேர்த்துத் தைத்து, விட்ட இடத்தை முடியுங்கள். பிறகு பட்டியைப் பின்பக்கம் திருப்பி, தையல் கோட்டை மறைக்கிற மாதிரி வைத்துக் கையால் எம்மிங் செய்யுங்கள். மெஷினிலும் முடிக்கலாம், ஆனால் முதல் குயில்ட்டுக்குக் கைத்தையல்தான் மூலையைக் கூர்மையாகக் கொடுக்கும்.

துவைக்கும் முன் சிவப்பு, கருநீலத் துண்டுகள்மேல் ஈரமான வெள்ளைத் துணியை அழுத்திச் சாயம் போகிறதா என்று பாருங்கள். குளிர்ந்த தண்ணீர், மென்மையான சுற்று. ஈரத்தில் கனமாக இருக்கும்போது ஒரே கொடியில் தொங்கவிட்டால் தையல் இழுபடும். நிழலில் இரண்டு கொடிகளுக்குக் குறுக்கே விரித்துப் போட்டு, பாதி காய்ந்ததும் ஒரு முறை திருப்பிப் போடுங்கள்.