இரண்டே வண்ணத்தில் விழா டி-ஷர்ட் வடிவமைப்பது எப்படி?

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒரு வண்ணத்துக்கு ஒரு ஃபிலிம் (டிசைனைக் கறுப்பில் எடுத்த தாள்), அதை வைத்துச் செய்யும் ஒரு ஸ்கிரீன் (மையைத் துணிக்கு விடும் வலைச் சட்டம்). 60 பீஸ் அடித்தாலும் 600 அடித்தாலும் ஸ்கிரீன் செலவு ஒன்றுதான். அதனால் சின்ன ஆர்டரில் கூடுதல் வண்ணம் ஒவ்வொன்றும் விலையை ஏற்றும். பத்துப் பதினைந்து பீஸ்தான் என்றால் டிடிஎஃப் (ஃபிலிமில் அச்சிட்டுச் சூட்டில் துணியில் ஒட்டும் முறை) போதும். அங்கே வண்ணக் கணக்கே இல்லை.

கல்லூரிப் பொங்கல் விழாவுக்கு நேவி ப்ளூ டி-ஷர்ட், 60 பீஸ் என்று வைத்துக்கொள்வோம். பானை மஞ்சள், எழுத்து வெள்ளை.

1. முதலில் துணியை முடிவு செய்யுங்கள். 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) பருத்தி நல்லது. சிவப்பு, மெரூன் பாலியஸ்டர் வேண்டாம். சூட்டில் துணியின் சாயம் மேலேறி வெள்ளை மை ரோஸ் ஆகிவிடும். துணி நிறமும் காசில்லாத ஒரு வண்ணம்தான். பானையின் கழுத்துக் கோட்டையும் நிழலையும் மை படாமல் விட்டால் நீலம் தானே தெரியும்.

2. மார்பு டிசைன் 25 முதல் 28 செ.மீ. அகலம். காலருக்குக் கீழே 7 செ.மீ. விடுங்கள். எஸ் சைஸில் வைத்துப் பார்த்த பிறகே அளவை உறுதி செய்யுங்கள்.

3. கோடு 1 பாயின்டுக்கு (சுமார் 0.35 மி.மீ.) குறையக் கூடாது. நடுவில் துணி தெரிய விடும் இடைவெளிக்கு 2 பாயின்டாவது வேண்டும். இல்லையென்றால் மை பரவி அடைத்துவிடும். தமிழில் முதலில் அடைபடுவது ண, ஞ, ணை போன்றவற்றின் சுழிகள். புள்ளியும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். சுழி அகலமான எழுத்துருவாக எடுங்கள், மிகச் சிறிய வரியிலும் ‘க’ 8 மி.மீ. உயரமாவது இருக்கட்டும். கிரேடியன்ட் (படிப்படியாக மங்கும் வண்ணம்) வேண்டாம்.

4. சறுக்குகிற இடம் இதுதான். நீலத்தின் மேல் மஞ்சளை நேரடியாக அடித்தால் பாசி நிறம்தான் வரும். அடியில் வெள்ளை வேண்டும். அதற்குத் தனி ஸ்கிரீன் தேவையில்லை. எழுத்துக்கான வெள்ளை ஸ்கிரீனிலேயே பானை வடிவத்தையும் சேர்த்துவிடுங்கள். அந்த அடி வெள்ளையைச் சுற்றிலும் 0.3 மி.மீ. உள்ளே சுருக்குங்கள். இல்லையென்றால் ஸ்கிரீன் இம்மி நகர்ந்தாலும் மஞ்சளின் ஓரத்தில் வெள்ளை எட்டிப்பார்க்கும். வெள்ளையைச் சூடுகாட்டி உலர்த்திய பிறகே மஞ்சள் அடிக்க வேண்டும் என்று கடையில் சொல்லிவிடுங்கள்.

5. எழுத்துகளைக் கர்வ்ஸாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றுங்கள். கோரல் டிராவில் கண்ட்ரோல் + க்யூ. மறந்தால், பாமினி எழுத்துருவில் அடித்த வரி, அந்த எழுத்துரு இல்லாத கடைக் கணினியில் ‘பொங்கல்’ ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். யூனிகோடு என்றாலும் பழைய மென்பொருளில் கொம்பு இடம் மாறி நிற்கும்.

6. இரண்டு வண்ணத்தையும் தனித்தனிப் பக்கத்தில், முழுக் கறுப்பில், ஒரே இடத்தில் ரெஜிஸ்டர் குறியோடு (இரண்டு வண்ணமும் சரியாகப் பொருந்த வைக்கும் அடையாளம்) பிடிஎஃப் ஆக்குங்கள்.

ஒரு சாம்பிள் அடித்து வாங்காமல் ஓகே சொல்லாதீர்கள். அச்சை இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். விரிசல் விட்டால் மை சரியாக வேகவில்லை. சூட்டில் இறுகும் பிளாஸ்டிசால் மைக்கு 160 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடு ஏறியிருக்க வேண்டும்.