ஷூ யூனிட்டுக்கு கிளவுட் எச்ஆர் மென்பொருள்: இனிஷியலில் இருந்து தொடங்குங்கள்

பேரணாம்பட்டுப் பக்கம் ஷூ அப்பர் தைக்கும் ஒரு யூனிட்டில் வருகைப் பதிவும் சம்பளமும் என் பொறுப்பு. மொத்தம் 160 பேர், முக்கால்வாசி பெண்கள். மஸ்டர் ரோல் நோட்டிலும் எக்செல்லிலும் ஓட்டிக்கொண்டிருந்த வேலையை கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் ஓடும் எச்ஆர் (ஆள், சம்பளக் கணக்கு) மென்பொருளுக்கு மாற்றி ஆறு சம்பளம் போட்டாகிவிட்டது. அந்த முதல் சம்பளம் 9 பேருக்குப் போய்ச் சேரவில்லை. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்த மென்பொருளெல்லாம் பெரிய ஐடி கம்பெனிகளுக்குத்தான் என்றிருந்த காலம் போய்விட்டது. ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கட்டினால் போதும், சர்வர் வாங்க வேண்டாம். வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வந்து ஓவர்டைம் கணக்கைக் கேட்டால் அரை மணியில் எடுத்துக் கொடுத்துவிடலாம். எங்கள் முதலாளி சம்மதித்ததே அதற்காகத்தான்.

படி 1: தேர்வு

வொர்க்டே, சக்சஸ்ஃபேக்டர்ஸ் போன்ற பெரிய கம்பெனி மென்பொருள்கள் நம் அளவுக்கு வேண்டாம். ஸோகோ பேரோல், கிரேட்எச்ஆர், கேக்கா என்று பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) தெரிந்த இந்திய மென்பொருள்களையே பாருங்கள். டெமோ காட்ட வருபவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். தமிழ்நாட்டுத் தொழில்வரியை அரையாண்டுக்கு ஒருமுறை பிடிக்க முடியுமா? நாளைக்கு விலகினால் எங்கள் தரவு முழுவதையும் இறக்கித் தருவீர்களா? இரண்டுக்கும் நேரான பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

படி 2: பெயர்ப் பட்டியல் (அவசரமே வேண்டாம்)

நான் விழுந்த இடம் இதுதான். மென்பொருள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? இனிஷியல்தானே. இனிஷியலைக் கடைசிப் பெயரில் போட்டேன். ஆதாரில் இனிஷியலே இல்லாதவர்களுக்குக் கட்டம் காலியாக இருந்தால் ஏற்க மறுத்தது, அதனால் ஒரு புள்ளி வைத்தேன். அந்தப் புள்ளி அப்படியே வங்கிக்குப் போகும் ஃபைலிலும் ஏறிவிட்டது. 9 வரிகள் திரும்பி வந்தன.

மறுநாள் காலையில் தையல் லைனில் இருந்து ஒரு அக்கா வந்து நின்றார். “சார், எல்லாருக்கும் மெசேஜ் வந்துடுச்சு, எனக்கு மட்டும் வரலயே. பையனுக்கு இன்னிக்கு ஃபீஸ் கட்டணும்.” கையில் பாஸ்புக். வாங்கிப் பார்த்தபோதுதான் ஒரே ஆளுக்கு எத்தனை பெயர் என்று புரிந்தது. ஆதாரில் ‘லட்சுமி’. யுஏஎன்னில் (பிஎஃப் உறுப்பினர் எண்) ‘எஸ் லட்சுமி’. பாஸ்புக்கில் ‘லட்சுமி எம்’, அது கல்யாணத்துக்குப் பின் வந்த கணவர் இனிஷியல். இஎஸ்ஐ அட்டையில் ஆங்கில எழுத்துக்கூட்டலே வேறு. அன்றைக்கு அட்வான்ஸ் கொடுத்து அனுப்பினோம். ஆனால் இதே குழப்பம் பிஎஃப் பணம் எடுக்கும் நாளில் வந்தால் மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

அதனால் மென்பொருளைத் திறக்கும் முன்பே ஒரு ஷீட் போடுங்கள். ஆளுக்கு ஒரு வரி. ஆதார், யுஏஎன், பாஸ்புக், இஎஸ்ஐ என்று நான்கு பத்தி. ஒவ்வொன்றிலும் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே அடியுங்கள். ஒத்துப்போகாத வரிக்கு மஞ்சள். மென்பொருளில் முழுப்பெயர் என்பது ஆதாரில் உள்ளதுதான். வங்கிப் பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கும், அதில் பாஸ்புக் பெயர். கடைசிப் பெயர் கட்டாயம் என்பதை செட்டிங்கில் எடுத்துவிடச் சொல்லி சப்போர்ட்டில் கேளுங்கள். எங்களுக்கு ஒரே நாளில் எடுத்துக் கொடுத்தார்கள். எங்கள் பட்டியலில் 47 மஞ்சள் வரிகள் விழுந்தன. எல்லாவற்றையும் சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தைக் குறைக்கப் பார்க்காதீர்கள்.

படி 3: சிஎஸ்வி ஏற்றுவது

ஆள் பட்டியலை மென்பொருளில் ஏற்ற உதவும் சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த எளிய உரை) எக்செல்லில் டபுள் கிளிக் செய்யாதீர்கள். 12 இலக்க யுஏஎன் 1.01E+11 என்று சுருங்கிவிடும், அப்படியே சேமித்தால் எண் போனது போனதுதான். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணில் கடைசி இலக்கம் 0 ஆகும். முன்னால் உள்ள பூஜ்ஜியங்களும் காணாமல் போகும். எனக்கு லிப்ரே ஆபீஸ் கால்க்தான் வசதி. திறக்கும்போதே எந்தப் பத்தி என்ன வகை என்று கேட்கும், எல்லாவற்றையும் ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிடுங்கள்.

முகவரியில் மாவட்டத்தையும் பாருங்கள். 2019ல் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரில் இருந்து வேனில் வருபவர்கள் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். பழைய ஃபைலில் எல்லாரும் வேலூர்தான்.

படி 4: வருகைக் கருவி

விரல்ரேகைக் கருவி வாங்க வேண்டாம். பசை ஒட்டுபவர்களுக்கும் தோல் பதனிடும் பக்கம் சுண்ணாம்பில் கை வைப்பவர்களுக்கும் ரேகை தேய்ந்திருக்கும். காலை எட்டு மணிக்கு கேட்டில் வரிசை நிற்கும், பாவம், அரைநாள் ஆப்சென்ட் விழும். முகம் பார்க்கும் கருவி வைத்தோம், வரிசை போய்விட்டது.

முகம், ஆதார் எல்லாம் அவர்களுடைய தனிப்பட்ட விவரம். 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்க வழி இருக்க வேண்டும் என்கிறது. நாங்கள் தமிழிலும் உருதுவிலும் அச்சடித்து, வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினோம்.

படி 5: பிடித்தம்

பிஎஃப் 12 சதவீதம், அருகில் உள்ள ரூபாய்க்கு. இஎஸ்ஐ தொழிலாளிக்கு 0.75, நிர்வாகத்துக்கு 3.25 சதவீதம், இது எப்போதும் மேல் ரூபாய்க்குத்தான் போகும். 13,500 ரூபாய்க்கு 101.25 வரும், அதை 102 என்று பிடிக்க வேண்டும். எங்கள் மென்பொருளில் 101 என்று இருந்தது. 160 பேருக்குக் கூட்டிப் பார்த்தால் சலான் ஒத்துப்போகாது. இஎஸ்ஐயின் 21,000 ரூபாய் சம்பள வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைமைச் சேர்க்கக் கூடாது, பிடித்தம் கணக்கிடும்போது சேர்க்க வேண்டுமா என்று பாருங்கள். இதை எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

விடுமுறைப் பட்டியலை நீங்களே கையால் போடுங்கள். தேசிய விடுமுறை 4, பண்டிகை விடுமுறை 5. ரம்ஜானைப் பிறை பார்த்து மாற்ற வேண்டி வரும், எனவே பூட்டிவிடாதீர்கள்.

படி 6: இரண்டு மாதம் இரட்டை ஓட்டம்

பழைய எக்செல்லிலும் புதியதிலும் சம்பளம் போட்டு, ஆளுக்கு ஆள் நிகரத் தொகையைக் கழித்துப் பாருங்கள். எல்லா வரியிலும் 0 வந்த பிறகு எக்செல்லை மூடுங்கள். பிஎஃப், இஎஸ்ஐ இரண்டுக்கும் கடைசி நாள் அடுத்த மாதம் 15. அதனால் ஒப்பிடும் வேலை 8ஆம் தேதிக்குள் முடிய வேண்டும்.

பின்சேர்க்கை: வாணியம்பாடியில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தார்: கல்யாணமானவர்களுக்கு எந்த இனிஷியல்? ஆதாரில் இன்று என்ன இருக்கிறதோ அது. ஆதாரை மாற்றப் போகிறார் என்றால் மாற்றி முடிக்கும் வரை காத்திருங்கள். அதன் பிறகு பிஎஃப் உறுப்பினர் தளத்தில் கூட்டு உறுதிமொழி வழியாக யுஏஎன் பெயரைத் திருத்துங்கள், கடைசியாக மென்பொருளில். இந்த வரிசையை மாற்றினால் மறுபடி மஞ்சள் வரிதான்.